சத்துமாவுக்கும் ஷேக்குக்கும் நடுவில்

பெரம்பலூரில் ஓர் ஆண் காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வந்தால் உட்காருவதற்கு இடப் பஞ்சமே இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பாலக்கரையில், நான்கு ரோட்டில், துறைமங்கலத்தில் என்று எங்கே திரும்பினாலும் டீக்கடை. பெஞ்ச் உண்டு, பேப்பர் உண்டு, அரசியல் உண்டு. ஒரே ஒரு டீயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். "வீட்ல வேலை இல்லையா?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதே நேரத்தில் வெளியே வரும் பெண்ணின் கையில் கோலமாவோ, குடமோ, பால் தூக்கோ இருந்தாக வேண்டும். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதால் நடக்கப் போகும் பெண்கள்கூட நிற்காமல் நடக்கிறார்கள். நின்றால் கேள்வி வரும்.

அதனால், எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த ஊட்டச்சத்து பானக் கடையில் ஏழெட்டுப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எனக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல. கொஞ்சம் பொறாமை கலந்த சந்தோஷம். சந்தேகம் பிறகு வந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை மறைத்துவிட்டுச் சந்தேகத்தை மட்டும் எழுதினால், ஊரில் ஆண்கள் செய்கிற கேலியோடு என் எழுத்தும் சேர்ந்துவிடும். "பொண்டாட்டி மாவு கரைச்சுக் குடிக்கப் போயிருக்கா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பவர்கள், டாஸ்மாக்கில் மாதம் எவ்வளவு கரைகிறது என்று கணக்குப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

கடை என்று சொன்னாலும் வெளியே விலைப்பட்டியல் கிடையாது. ஒரு வீட்டின் முன்னறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மிக்ஸி, சுவரில் 'முன்பு – பின்பு' படங்கள். உள்ளே போனதும், "வாங்கக்கா, நல்லாத் தூங்குனீங்களா?" என்று ஒரு கேள்வி. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் அவள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கடைசியாக யார், எப்போது கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு மூன்று டம்ளர்கள் வரிசையாக வரும். கற்றாழைத் தண்ணீர், டீ மாதிரி ஒரு சூடான பானம், கடைசியில் கெட்டியான ஷேக். இடையில் யாருக்கு எத்தனை கிலோ குறைந்தது என்று சொல்லி எல்லோரும் கைதட்டுவார்கள். நடத்துகிறவருக்கு 'கோச்' என்று பெயர். எங்கள் தெருக் கோச், கொஞ்ச நாள் முன்புவரை தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர்.

முதல் நாள் சடங்கு எடை மிஷினில் நடக்கிறது. எடை மட்டுமல்ல, கொழுப்பு இத்தனை சதவீதம், வயிற்றுக் கொழுப்பு இவ்வளவு, கடைசியாக 'உடல் வயது' என்று ஓர் எண். நாற்பத்திரண்டு வயது அக்கா ஒருவருக்கு ஐம்பத்தெட்டு என்று வந்தது. அன்று முழுக்க அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த மிஷின் செய்வது என்னவென்றால், உடலுக்குள் மிக லேசான மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிப்பது. உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து அந்த எண் மாறும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மாறலாம், மாதவிடாய் நேரத்தில் மாறலாம். மக்காச்சோளக் காட்டில் நாளெல்லாம் வியர்த்துவிட்டு வந்து ஏறினால் இன்னொன்று காட்டலாம். 'உடல் வயது' என்பது மருத்துவர் பார்த்துச் சொல்லும் வயது அல்ல. கொழுப்பையும் எடையையும் வைத்து மிஷின் போடும் ஒரு கூட்டல் கழித்தல். பெண் பார்க்க வந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் பார்க்க வந்தவர்கள், கல்யாண வீட்டில் எதிரே வந்தவர்கள் என்று எல்லோரும் ஏற்கெனவே அளந்து முடித்த உடம்புதான் நம்முடையது. அவர்கள் கண்ணால் அளந்ததை இந்த மிஷின் எண்ணாக அச்சடித்துக் கொடுக்கிறது. எண்ணோடு வாக்குவாதம் செய்ய முடியாது என்பதுதான் வித்தியாசம்.

இளைக்கிறார்களா? இளைக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. காலையில் நாலு தோசை சாப்பிட்டவர் அதற்குப் பதிலாக ஒரு டம்ளரோடு நிறுத்தினால் எடை குறையத்தான் செய்யும். இரவுச் சாப்பாட்டுக்கும் அதே டம்ளர் என்றால் இன்னும் வேகமாகக் குறையும். அது பொடியின் மாயம் அல்ல, குறைத்துச் சாப்பிட்டதன் விளைவு. நிறுத்தியதும் எடை திரும்பி வருவதும் அதனால்தான். ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 42 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் 23, 24 கிராம் இருக்கிறது. பருப்பும் பயறும் பாலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் டாக்டர்களும் படித்தவர்களும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். "கடலையும் முட்டையும் சாப்பிடும்மா, ஷேக் எதுக்கு?" சரியான அறிவுரைதான். ஆனால் அந்தக் கடலையும் முட்டையும் ஒரு வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பேசுவதில்லை. முட்டை பையனுக்கு. பால் மாமனாருக்கு. கடலை சட்னிக்கு, சட்னி எல்லோருக்கும். கறி எடுத்த நாளில் குழம்பின் அடியில் இருப்பது இவளுக்கு. இதையெல்லாம் யாரும் பிடுங்கித் தின்பதில்லை. அவளே எடுத்து வைக்கிறாள், அவளே பிறகு சாப்பிடுகிறாள். நல்ல பொருள் எது வந்தாலும் தன் பங்கைப் பிரித்துக் கொடுப்பதைத்தான் நாம் தாய்மை என்று பெயர் சூட்டிக் கும்பிடுகிறோம்.

ஷேக்கைப் பிரிக்க முடியாது. அது கடையில், அவள் பெயருக்கு, அவள் டம்ளரில் ஊற்றப்படுகிறது. அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் தானே மகனுக்குப் பாதி போகும்? எங்கள் தெரு அக்கா ஒருவர் இதை வேறு வார்த்தையில் சொன்னார்: "நான் ஒருத்தி மட்டும் குடிக்கிற பொருள் இது ஒண்ணுதாண்டி." சோயா புரதமும் சர்க்கரையும் வாசனையும் சேர்ந்த அந்தப் பொடியைவிட, இந்த ஒரு வாக்கியம்தான் கடையை நடத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சத்து கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு மதுரைப் பக்கம் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை மாதாமாதம் தராசில் நிறுத்தியது. எடை மிஷினோடு ஊருக்குள் வந்ததில் இந்தக் கோச்சுகளுக்கு முன்னோடி அந்தத் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பணியாளர்தான். 1982இல் சத்துணவு. 2022 செப்டம்பரில் பள்ளிகளில் காலை உணவு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவு. அதைப் பல மாவட்டங்களில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களே தயாரிக்கின்றன. வளரிளம் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை. முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவருக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு.

இந்த வரிசையைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். கருவைச் சுமக்கும்போது அவள் பயனாளி. பால் கொடுக்கும்போது பயனாளி. கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த நாளிலிருந்து கிழவியாகும்வரை, இடையில் கிடக்கும் முப்பது முப்பத்தைந்து வருடங்களில் அவள் உடம்புக்கென்று ரேஷன் அரிசியைத் தவிர எதுவும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். நல்லது. ஆனால் அது வியாதி வந்ததா என்று பார்ப்பது. சாப்பிட்டாயா என்று கேட்பது அல்ல.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9. ஒரே பெண்ணிடம் இரண்டும் சேர்ந்து இருக்க முடியும். எங்கள் ஊர்களில் அது சாதாரணம். வரகும் சோளமும் கம்பும் விளைந்த காட்டில் இப்போது மக்காச்சோளமும் பருத்தியும். அந்த மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. விளைவித்தவள் ரேஷன் அரிசியை மூன்று வேளையும் தின்றால் வயிறு நிறையும், உடம்பு பருக்கும், ரத்தம் ஊறாது. கடைக்காரர்கள் இதில் 'பருமன்' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் விற்கும்.

எங்கள் தெருக் கடை எந்தக் கம்பெனிப் பொடியை விற்கிறது என்பது இங்கே தேவையில்லை. ஒரே மாதிரிக் கடைகளைப் பல கம்பெனிகளின் பொடிகள் நடத்துகின்றன. ஆனால் இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பிய நிறுவனத்தின் கதை பொதுப் பதிவில் இருக்கிறது. 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் ஹியூஸ் தொடங்கிய ஹெர்பாலைஃப், 1999இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று இந்தியா அதன் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று. விராட் கோலி அதற்கு விளம்பர முகமாக இருந்தவர். டப்பாவாக வாங்கக் காசில்லாதவர்களுக்கு டம்ளர் டம்ளராக விற்கும் 'நியூட்ரிஷன் கிளப்' முறை முதலில் வேரூன்றியது மெக்சிகோவில். அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்கர்களின் குடியிருப்புகளுக்குப் போனது.

2016 ஜூலையில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த நிறுவனத்தின் மீது வைத்த புகாரில் கிளப் நடத்தியவர்களின் கணக்கும் வருகிறது. ஒரு கிளப்பைத் திறக்க அவர்கள் சராசரியாகச் செலவழித்தது சுமார் 8,500 டாலர். அவர்களில் 57 சதவீதம் பேர் லாபம் இல்லை அல்லது நஷ்டம் என்று சொன்னார்கள். நிறுவனம் 20 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேருக்கு காசோலைகள் போயின. கமிஷன் அதைப் 'பிரமிடு' என்ற வார்த்தையால் அழைக்கவில்லை. ஆனால் இனி ஆள் சேர்ப்பதற்காக அல்ல, உண்மையாகவே பொருளை விற்றதற்காகத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அப்படி ஒரு கட்டளை ஏன் தேவைப்பட்டது என்பதை நாம் புரிந்துகொள்ளலாம்.

பொடியின் பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். இந்த நிறுவனத்தின் எடைக்குறைப்புப் பொருள்களை எடுத்துக்கொண்ட 24 வயதுப் பெண் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததைப் பற்றியது அது. நிறுவனம் அதை மறுத்தது. பிறகு சட்டக் காரணங்களைச் சொல்லி இதழ் அந்தக் கட்டுரையை நீக்கிவிட்டது. ஒரு கட்டுரையை வைத்து எல்லாப் பொடியும் விஷம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இளம்பெண்ணின் சாவைப் பற்றிய மருத்துவ வாதம் மருத்துவத்துக்குள் நடந்து முடியாமல் வக்கீல் நோட்டீசில் முடிந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

இனி டம்ளரைக் கழுவுகிறவளின் பக்கம். அரியலூரில் என் சித்தி மகள் ஒருத்தி இப்படி ஒரு கிளப் நடத்துகிறாள். அவளும் கம்பெனி பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் கணவர் சிமெண்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையில் வீடு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து முன்னறையைத் துடைத்து, நாற்காலி போட்டு, பால் காய்ச்சி, ஆறு மணிக்குக் கடை. எட்டரைக்கு மேல்தான் வீட்டு வேலை. டம்ளர்களைப் பிளஸ் ஒன் படிக்கும் மகள் கழுவுகிறாள். மகன் கழுவுவதில்லை, அவனுக்குப் பரீட்சை. (இவளுக்கும் பரீட்சைதான்.)

நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறாள். இத்தனை டம்ளர் விற்றது, பொடிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, மிச்சம் லாபம். நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதில் இல்லாதவற்றை எழுதினோம். கரண்ட். கேன் தண்ணீர். திருச்சியில் நடக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த பஸ் காசு. அடுத்த 'நிலை'க்குப் போவதற்காக, விற்காது என்று தெரிந்தும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் டப்பாக்கள். இந்த வகை வியாபாரத்தில் அதிகமாக வாங்க வாங்கத் தள்ளுபடி கூடும் என்பதால், லாபம் வர வேண்டுமானால் முதலில் தானே பெரிய வாடிக்கையாளராக வேண்டியிருக்கிறது. கடைசியாக அவளுடைய கூலி. நூறுநாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். அதில் பாதியை அவள் காலைநேர உழைப்புக்கு என்று போட்டுப் பார்த்தோம். அவள் 'லாபம்' என்று எழுதியிருந்த தொகை அந்தக் கூலிக்கே எட்டவில்லை.

"ஆள் சேத்தாத்தான்க்கா இதுல வருமானமாம். எனக்குக் கீழ நாலு பேரு கடை போடணும்" என்றாள்.

அந்த நாலு பேர் யார்? நாத்தனார், பிள்ளைகளின் பள்ளி வாசலில் பழக்கமான அம்மாக்கள், மகளிர் குழுவில் சேர்ந்து தவணை கட்டுகிறவர்கள். நம் பெண்களுக்கு வங்கி என்று இருந்தது இந்த உறவுதான். கைமாற்று வாங்குவது, அடகுக்கு நகை கொடுத்து உதவுவது, பிரசவத்துக்குத் துணைக்குப் போவது, மொய் எழுதுவது, எல்லாம் அதில்தான். அம்மா காலத்திலிருந்து சேர்த்த அந்த முதலை இந்த வியாபாரம் கரைக்கச் சொல்கிறது. காதுகுத்து வீட்டில் இவள் பக்கத்தில் உட்கார இப்போது இரண்டு பேர் யோசிக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியும். கம்பெனிக்கு இது செலவுக் கணக்கில் வராது. கூட்டத்தில் இதற்குப் பெயர் பெண் முன்னேற்றம்; மேடையில் ஏற்றிப் பட்டு சால்வை போடுகிறார்கள். ஒரு பெண்ணை அவள் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடும் இடங்கள் எங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால், அந்தச் சால்வையைக் கேலி செய்யவும் மனம் வருவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்கின்றன, சேருவதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்கின்றன, சேர்ந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகவும் வழி வைக்கின்றன. இத்தகைய பொடி டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சர்க்கரை நோயைக் குணமாக்கும், பருமனைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தையும் சுவரில் இருக்கும் 'முன்பு – பின்பு' படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கடைக்குப் போகும் தோழிகளிடம் சொல்லிவருகிறேன். ரசீது கேட்கச் சொல்கிறேன். புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இந்தக் கடைகளில் மாதக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1000. அந்த ஆயிரத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை சொல்லும் பெண்களை நான் பார்க்கிறேன். தன் பேரில் வந்த முதல் காசைத் தன் உடம்புக்குச் செலவழிப்பது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் காசுக்கு அவளுக்குக் கிடைப்பதில் பாதிக்கு மேல் நாற்காலியும் பேச்சும்தான் என்பதையாவது சொல்லிவிட வேண்டும்.

சித்தி மகள் கடையை மூடவில்லை. நோட்டில் 'என் கூலி' என்று ஒரு வரிசை சேர்த்திருக்கிறாள். திருச்சிக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருக்கிறாள். மகன் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் டம்ளர் கழுவுகிறானாம், முணுமுணுத்துக்கொண்டே. காலையில் வருகிறவர்களில் இரண்டு பேர் ஷேக் வேண்டாம், கேழ்வரகுக் கூழும் கொஞ்சம் அவித்த கடலையும் கொடுத்தால் போதும், உட்கார மட்டும் இடம் வேண்டும் என்றார்களாம். அதற்கு எவ்வளவு வாங்குவது என்று என்னிடம் போனில் கேட்டாள். கூழுக்கும் கடலைக்கும் விலை சொல்லிவிட்டேன். நாற்காலிக்கு எவ்வளவு என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.